‘கேஸ்தான் சிஸ்டர்’

இதய சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம்: “ஒண்ணுமில்ல சிஸ்டர், கேஸ்தான்.” சட்டை முழுக்க வேர்வை, இடது கையெல்லாம் வலி, ஈசிஜி தாளில் கோடு மேலே ஏறி நிற்கிறது. ஆள் மட்டும் சோடா குடித்தால் சரியாகிவிடும் என்கிறார். பெண்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள். வீட்டில் உலை வைக்க வேறு ஆள் இருக்காது. ஆண்களைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கம். வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

அந்த வெட்கத்தை மேடையில் உரித்துப் போட்டவர் அமெரிக்கக் கறுப்பின ஸ்டாண்ட்-அப் நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர். 1977இல் மாரடைப்பு வந்து பிழைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரு அரங்கில் அதை நடித்துக் காட்டினார். ‘லைவ் இன் கான்சர்ட்’ என்று 1979இல் படமாக வந்தது அந்த நிகழ்ச்சிதான்.

சிவப்புச் சட்டை, ஒரு கையில் மைக். இன்னொரு கை முஷ்டியாகி மார்பைத் திருகுகிறது. சந்தில் மடக்கிய ரவுடி போல அவருடைய இதயமே அவரை மிரட்டுகிறது. மூச்சு விடாதே என்கிறது. விடமாட்டேன் என்று சின்னப்பிள்ளைக் குரலில் கெஞ்சுகிறார். அப்படியானால் மண்டி போடு என்கிறது, போடுகிறார். பன்றிக்கறியை வெளுத்துக் கட்டியபோது சாவு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டு இன்னொரு திருகு. தரையில் மல்லாந்து விழுகிறார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அந்த முஷ்டியை நான் டூட்டியில் அடிக்கடி பார்க்கிறேன். எங்கே வலி என்று கேட்டால் பலருடைய கை அப்படித்தான் மடங்கிப் போகும். அதே நிகழ்ச்சியில் பாட்டியிடம் அடி வாங்கி அழுததையும் சொல்கிறார், கட்டிலில் தன் வீரம் மூன்றே நிமிடம் என்பதையும் சொல்கிறார்.

நம் சினிமாவிலும் அடி வாங்கும் ஆண்கள் உண்டு. ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ளயை யார் மறப்பார்கள்? ஆனால் அங்கே வடிவேலு ஓடினால், நின்று அடிக்க ஒரு கதாநாயகன் தனியாக இருக்கிறார். பயம் ஒருவருக்கு, வீரம் இன்னொருவருக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. ஆண்மைக்குச் சேதாரம் இல்லை. ஸ்டாண்ட்-அப் மேடையில் இருப்பதோ ஒரே ஆள். பயந்தவரும் அவர்தான், ஜனம் காசு கொடுத்துப் பார்க்க வந்ததும் அவரைத்தான்.

பெண்டாட்டிக்குப் பயப்படுவதாகச் சொல்லும் ஜோக்கை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பட்டிமன்றத்தில் கேட்டுப் புளித்தது, இப்போது ஸ்டாண்ட்-அப்பிலும் ஓடுகிறது. அதில் கேலிக்கு ஆளாவது அந்தம்மா. சொன்னவர் சட்டை கசங்காமல் இறங்கி வந்துவிடுகிறார். ஸ்டாண்ட்-அப் கலைஞர் கார்த்திக் குமார் ‘ஆண்ஸ்பிளெயினிங்’ என்ற நிகழ்ச்சியில் ஆண்மையையே பேசுபொருளாக்கி மேடையேறினாரே, அந்த வழியில் இன்னும் பலர் வர வேண்டும்.

அதற்காகப் பிரையருக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. பெண்களை அடித்தவர் அவர். மனைவி புறப்பட்டுப் போகக்கூடாதென்று காரைத் துப்பாக்கியால் சுட்டதையும் அதே மேடையில் ஜோக்காக்கினார். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. மேடையில் மண்டி போட்டவர் வீட்டிலும் இறங்கி வந்திருப்பார் என்று நம்ப நான் தயாரில்லை.

எங்கள் வார்டில் மனைவிமாரிடம்தான் சரியான தகவல் கிடைக்கும். “காலைல எட்டு மணிக்கு லேசா வலிச்சுது” என்பார் இவர். “ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துட்டாரு சிஸ்டர். என்னன்னு கேட்டா வள்ளுன்னு விழறாரு” என்பார் அந்தம்மா. எங்களுக்கு வேண்டியது அந்த ரெண்டு மணிதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். ரெண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை இருட்டில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்? நம் தம்பிகளில் யாராவது, பெண்டாட்டியை இழுக்காமல், அதை மேடையில் சொல்லட்டும். டிக்கெட் எடுத்துப் போகிறேன், நைட் டூட்டி இல்லாத நாளாகப் பார்த்து.