உள்ளது உள்ளபடி

பழைய கார் விளம்பரத்தில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சொற்களைக் கொண்டு உண்மையை மறைக்கும் கலை இன்று செழித்திருப்பது கவிதையிலோ மேடைப் பேச்சிலோ அல்ல; ‘விற்பனைக்கு’ என்று தொடங்கும் ஐந்து வரிப் பிரதிகளில்தான். ஒரு நாவலைத் தவறாக வாசித்தவனுக்குச் சில மாலைப்பொழுதுகள் நஷ்டம். இந்தப் பிரதியைத் தவறாக வாசித்தவனுக்கு இரண்டு ஆண்டுச் சேமிப்பு நஷ்டம்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். பழைய கார் வணிகம் குறித்த சட்டச் சண்டை பல பத்தாண்டுகளாக நடந்துவரும் நாடு அது. அதன் பனி மாநிலங்களில் குளிர்காலம் நெருங்கும்போது முளைக்கும் விளம்பரங்களின் வார்ப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: ஜெர்மானியச் சொகுசு செடான், ஆல் வீல் டிரைவ், பனிக்காலத்துக்கு மிகவும் பாதுகாப்பானது, இரண்டு புதிய டயர்கள், பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம், உள்ளது உள்ளபடி விற்கப்படும். இவற்றில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பொய் சொல்லாமலே ஏமாற்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாங்கள் கண்டதில்லை.

முதலில் ‘பாதுகாப்பு’. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போவதால் வழுக்கும் தரையில் வண்டி எளிதாகக் கிளம்பும்; மேட்டில் திணறாமல் ஏறும். பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. பனியில் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம். ஆல் வீல் டிரைவ் அதில் ஓர் அடிகூடக் குறைத்துத் தருவதில்லை. 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோவை அறிமுகப்படுத்திய ஆடி நிறுவனம், 1986-இல் பின்லாந்தின் கைபோலாவில் 37.5 பாகைச் சரிவு கொண்ட பனிச்சறுக்குத் தாவல் மேடையில் தன் செடானை ஏறச் செய்து விளம்பரப் படம் எடுத்தது. உலகம் வியந்தது. அந்தப் படம் காட்டுவது ஏற்றத்தை. பனிச்சாலையில் உயிர் போவது பெரும்பாலும் ஏற முடியாததால் அல்ல, நிறுத்த முடியாததால். ஏறும் திறமையைப் பாதுகாப்பு என்று மொழிபெயர்த்தது தொழில்நுட்பம் அல்ல, விளம்பரம்.

அடுத்து ‘இரண்டு புதிய டயர்கள்’. வாசகன் இதை ஒரு வரவாகக் கணக்கிடுகிறான். ஆல் வீல் டிரைவ் வண்டியைப் பொறுத்தவரை இது ஒரு கேள்வி. நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். சுபாரு நிறுவனம் தன் வண்டிகளுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்கிறது. இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்றால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஓயாமல் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அந்த வேறுபாட்டை நடுவிலுள்ள டிஃபரென்ஷியலோ கிளட்ச் அடுக்கோ தாங்கிச் சூடேறித் தேயும். அப்படி எத்தனை மாதம் ஓடியது என்பதை விளம்பரம் சொல்லாது. ‘நெடுஞ்சாலை ஓட்டம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மைல் கணக்கு திருத்தப்பட்ட வண்டிகள் ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேல் விற்பனையாவதாக அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே மதிப்பிடுகிறது.

எஞ்சினைப் பற்றி அந்தப் பிரதி மௌனம் காக்கும். பிஎம்டபிள்யூவின் என்63 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 7 சீரிஸ் எக்ஸ்டிரைவ் செடான்களிலும் இருந்தது அது. இரண்டு டர்போக்களையும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்த வடிவமைப்பு. வெப்பமும் அங்கேயே தேங்கும். 2014 டிசம்பரில் டைமிங் செயின், இன்ஜெக்டர், பேட்டரி முதலியவற்றைச் சோதித்துத் தேவையானதை மாற்றித் தரும் திட்டம் ஒன்றை அந்நிறுவனமே அமெரிக்காவில் அறிவித்தது. எஞ்சின் அளவுக்கு மீறி எண்ணெய் குடிக்கிறது என்று தொடுத்த கூட்டு வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தது. புதிதில் 80,000 டாலருக்கு மேல் விற்ற அந்த வண்டி பத்தாண்டு கழிந்தபின் அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். ஆனால் அதன் டர்போவும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இன்னும் 80,000 டாலர் வண்டியினுடையவை. பழுதானால் அந்தக் கணக்கில்தான் ரசீது வரும். இதை விற்பவன் அறிவான். பல நேரங்களில் அந்த ரசீதைப் பார்த்த பிறகுதான் அவன் விற்கவே முடிவெடுக்கிறான்.

நம்மூரில் புதுவண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அமெரிக்க வழக்கில் எலுமிச்சை என்பதே மோசமான வண்டியின் பெயர். அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய கட்டுரை மூன்று ஆய்விதழ்களால் நிராகரிக்கப்பட்ட பின் 1970-இல் வெளிவந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது நல்ல வண்டிக்கும் கெட்ட வண்டிக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். எனவே நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தையை விட்டு விலகுவான் என்பது அவர் வாதம். அதாவது இந்த மௌனம் ஏமாளியை மட்டும் தண்டிப்பதில்லை. நேர்மையாக வண்டி பராமரித்தவனையும் சேர்த்தே தண்டிக்கிறது.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1981-இல் ஒரு விதி கொண்டுவந்தது: கார் வணிகர் தமக்குத் தெரிந்த பெரிய குறைகளைக் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில் எழுத வேண்டும். தெரிந்ததை மட்டும், தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்றுகூட அது கேட்கவில்லை. கார் வணிகர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1982-இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவ்விதியை ரத்து செய்தன. அப்படி ரத்து செய்யும் அதிகாரம் செல்லாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், 1984-இல் ஆணையம் வெளியிட்ட புதிய விதியில் அந்த ஒற்றை வரி இல்லை. சீட்டு மட்டும் மிஞ்சியது. பழைய கார்களுக்கு வரக்கூடிய நோய்களின் பொதுப்பட்டியல் அதில் உண்டு. எதிரில் நிற்கும் நோயாளிக்கு என்ன நோய் என்பது இல்லை. விளம்பர ஏமாற்றுகளுக்கு எதிராக 2023 டிசம்பரில் அதே ஆணையம் அறிவித்த மற்றொரு விதியையும் 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

சில மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் வைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸில் வணிகர்கள் உத்தரவாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. நியூயார்க் சட்டம் 1,00,000 மைலுக்கு மேல் ஓடிய வண்டியைக் கைவிட்டுவிடுகிறது. நாம் பேசும் சொகுசு செடான்களில் பல, ஏழைக்கு எட்டும் விலைக்கு வருவது அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான்.

வாங்குபவன் விழிப்பாக இருந்தால் போதாதா, மெக்கானிக்கிடம் காட்டினால் தீர்ந்ததல்லவா என்பார்கள். காட்டத்தான் வேண்டும். ஆனால் நீண்டுபோன டைமிங் செயினும் தேய்ந்த கிளட்ச் அடுக்கும் ஒரு மணிநேரப் பார்வையில் தவறாமல் அகப்படுபவை அல்ல. வண்டியின் வரலாற்று அறிக்கையிலும் யாரேனும் பதிவு செய்தது மட்டுமே இருக்கும். விற்பவனின் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் ஒரு தகவலை வாங்குபவன் காசு கொடுத்துத் துப்பறிய வேண்டும், அப்படியும் கிடைக்காவிட்டால் குற்றம் அவனுடையது என்பது என்ன நியாயம்? விழிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு நேர்மையின் கடமையை ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைத்தான் எதிர்க்கிறோம்.

இங்கே மொழி சார்ந்த ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஆஸ் ஈஸ்’ என்பதை நாங்கள் மேலே ‘உள்ளது உள்ளபடி’ என்று தமிழாக்கினோம். தமிழில் உள்ளதை உள்ளபடி சொல்வது என்றால் மறைக்காமல் சொல்வது. கார் சந்தையிலோ அது எதையும் சொல்லாமல் இருப்பதற்கான உரிமம். உத்தரவாதம் தர இயலாதென்றால் தர வேண்டாம். பழைய பொருளுக்கு அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் தெரிந்த குறையை எழுது. 1981-இன் அந்த ஒற்றை வரி மீண்டும் வர வேண்டும்; வணிகருக்கு மட்டுமல்ல, தன் வீட்டு வாசலில் நிறுத்தி விற்கும் தனிமனிதருக்கும் அது பொருந்த வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. நம்மில் யாராவது நாளை வண்டியை விற்க நேர்ந்தால், கடைசியாக வாங்கிய பழுது ரசீதில் இருப்பதை விளம்பரத்தின் முதல் வரியாக எழுதுவோம். விலை குறையும். அந்தக் குறைவுதான் வண்டியின் உண்மையான விலை.