எந்த மலைக்கு எந்தக் கூடாரம்?

மல்லேஸ்வரத்திலிருந்து கூடாரத்தோடு கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழிகள். சனிக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்தால் இருட்டுவதற்குள் ராமநகரம், மாகடிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள். வெள்ளி இரவு மெஜஸ்டிக்கில் பஸ் பிடித்தால் விடியும்போது குக்கே சுப்ரமண்யா, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். வருஷத்துக்கு ஒரு முறை லீவு சேர்த்து வைத்து, பக்கத்து யஷ்வந்த்பூரில் டில்லி ரயில் ஏறினால் இமயமலை. பாறை, மழை, பனி. மூன்றுக்கும் ஒரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அதுவும் உறை மேல் '3 பேர்' என்று அச்சிட்டிருந்ததாலோ, தள்ளுபடியில் கிடைத்ததாலோ வாங்கியதாக இருக்கும்.

இந்தப் பேட்டைக்கும் திறந்தவெளிக்கும் பழைய உறவு உண்டு. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நெரிசலான பழைய நகரத்தை விட்டு ஜனங்கள் வெளியேற வேண்டிவந்தது. அகலமான தெருக்களும் மரங்களுமாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தது அதற்குப் பிறகுதான். அன்று ஊருக்கு வெளியே போனது உயிருக்குப் பயந்து. இன்று போவது ஆசைப்பட்டு. ஆசைக்குத் தீனி போடும் சரக்கும் உள்ளூரிலேயே கிடைக்கிறது. 1998-ல் இதே ஊரில் தொடங்கிய வைல்ட்கிராஃப்ட் ஆரம்பத்தில் செய்து விற்றது டோம் கூடாரங்களை. பிரெஞ்சு நிறுவனமான டெகாத்லான் 2009-ல் இந்தியாவில் கால் வைத்ததும் பெங்களூரில்தான். ஒரு காலத்தில் ராணுவ உபரிக் கடைகளில் கனமான கான்வாஸ் கூடாரத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு எது கிடைக்கும் என்பது கவலை. இப்போது எதை எடுப்பது என்பதே கவலை.

அடிப்படை என்னவோ பழையதுதான். சங்க நூலான முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறை கார்காலத்தில், காட்டுக்குள் போடப்பட்டது. துறவி தன் முக்கோலில் காவித் துணியைத் தொங்கவிட்டதுபோல வீரர்கள் வில்லை ஊன்றித் தூணியை மாட்டுகிறார்கள். கால் நட்டுக் கயிறு இழுத்து இருக்கை அமைக்கிறார்கள். அரசனின் படுக்கை, திரை போட்டுப் பிரித்த இரண்டு அறைகள் கொண்டது. கழி, கயிறு, துணி, உள்ளே ஒரு தடுப்பு. இன்று அலுமினியக் கம்பியும் பாலியெஸ்டரும் வந்த பிறகும் கூடாரம் என்பது இந்த நாலும்தான். எதில் எவ்வளவு என்பதில்தான் பாறைக்கும் மழைக்கும் பனிக்கும் வித்தியாசம்.

முதலில் பாறை. ராமநகரம் பக்கத்துக் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. அடிவாரத்துத் தோட்டங்களிலும் தனியார் முகாம்களிலும்கூட ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை தட்டும். முளை இறங்காது. இங்கே சுரங்கப்பாதை வடிவிலான கூடாரம் பயன்படாது. அது எடை குறைவு, உள்ளே இடமும் தாராளம், ஆனால் இரு முனைகளிலும் முளையடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். இரண்டு கம்பிகள் குறுக்காக வளைந்து தானாகவே நிற்கும் டோம் வகைதான் இங்கே சரி. தானாக நிற்கிறதே என்று கயிற்றை விட்டுவிடக் கூடாது. கயிற்று நுனிகளைத் தலையளவு கற்களில் கட்டிவைக்காவிட்டால் நள்ளிரவுக் காற்றில் கூடாரம் பந்துபோல உருளும். மார்ச், ஏப்ரலில் இந்தப் பாறைகள் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கத் திருப்பித் தரும். எனவே உள்சுவரில் வலை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. மழையில்லாத இரவில் மேல்துணியே வேண்டாம்.

காரிலேயே போய் காரருகிலேயே தங்கும் குடும்பத்துக்கு இன்னும் சுலபம். எடையைப் பற்றிய கவலையில்லை. நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள பெரிய கூடாரமே வாங்கலாம். குழந்தைகளும் பாட்டியும் குனிந்து குனிந்து நுழைய வேண்டியதில்லை. தூக்கிப் போட்டால் தானே விரியும் கூடாரங்களும் (டெகாத்லானின் கெச்சுவா 2005-ல் கொண்டுவந்த 'இரண்டு நொடி' கூடாரம் இதில் பிரபலம்) இந்த மாதிரிப் பயணத்துக்குத்தான். விரிக்க இரண்டு நொடி. மடிக்கத் தெரியாதவருக்கு அரை மணி. மடித்தாலும் பெரிய தாம்பாளம் அளவுக்கு இருக்கும். அதை முதுகில் கட்டிக்கொண்டு மலையேற முடியாது.

மழைதான் உண்மையான பரீட்சை. பெங்களூரில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,000 மி.மீ. மேற்கு மலையில் உள்ள ஆகும்பேயில் 7,000 மி.மீ.க்கு மேல். குமார பர்வதத்தின் (1,712 மீட்டர்) சரிவுகளில் பருவமழை ஓய்ந்த பிறகும், அக்டோபரிலும் நவம்பரிலும் சொல்லாமல் கொள்ளாமல் மாலை மழை வரும். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை நம்பி வாங்கிய கூடாரங்கள் ஒழுகுவது இங்கேதான்.

அட்டையில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 1,500 மி.மீ., 2,000 மி.மீ., 3,000 மி.மீ. துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்பதே அந்தக் கணக்கு. சமவெளித் தூறலுக்கு 1,500 போதும். மேற்கு மலைக்கு 2,000-க்குக் குறைந்து வாங்குவது வீண். தரைத்துணிக்கு இன்னும் அதிகம் வேண்டும். காரணம், வானத்திலிருந்து விழும் துளியைவிட முட்டி போட்டு உட்காரும் மனிதரின் முழங்கால் ஈரத் தரையில் கொடுக்கும் அழுத்தம் பெரிது. அந்தத் தரைத்துணி நான்கு பக்கமும் சட்டியின் விளிம்புபோல கையகலம் மேலேறியிருக்கிறதா, தையல்களின் மேல் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் வருவது துணி வழியாக அல்ல, ஊசித் துளை வழியாக.

இவ்வளவும் பார்த்து வாங்கியவர்கள்கூடக் காலையில் நனைந்து எழுந்து, 'கூடாரம் ஒழுகுகிறது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. ஒழுகியது கூடாரம் அல்ல, தூங்கியவர்கள். ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு டம்ளருக்குக் குறையாத நீரை வெளியே விடுகிறார். அது குளிர்ந்த துணியில் பட்டுத் துளித்துளியாகத் திரும்பி வருகிறது. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அது நேராகத் தூங்குபவரின் மேல் சொட்டும். இரட்டைச் சுவரில், அதாவது உள்ளே வலைத்துணியும் வெளியே மழைத்துணியும் தனித்தனியாக இருந்தால், வெளிச்சுவரின் உட்பக்கம் வழிந்து தரைக்குப் போய்விடும். இரண்டு துணிகளும் ஒன்றோடொன்று ஒட்டாதபடி கயிற்றை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். மழை வருகிறதே என்று எல்லா ஜன்னலையும் இறுக மூடுவதுதான் பலரும் செய்வது. மேலே உள்ள காற்றுவழியைத் திறந்தே வைக்க வேண்டும்.

மேற்கு மலைக்குப் போகிறவர் கடைக்காரரிடம் இன்னொன்றும் கேட்கலாம். வெளித்துணியை முதலில் நிறுத்திவிட்டு உள்துணியைப் பிறகு மாட்ட முடியுமா? முடியாத கூடாரம், கொட்டும் மழையில் விரிக்கும்போதே உள்ளுக்குள் குளமாகிவிடும். வாசலில் ஒரு தாழ்வாரம் இருப்பதும் அவசியம். சேறு அப்பிய ஷூவையும் அதில் ஒட்டிவரும் அட்டைகளையும் வெளியே நிறுத்த அதுதான் இடம். அட்டையில் அச்சிட்ட '2 பேர்' என்பது இரண்டு பாய்களின் அகலம். இரண்டு முதுகுப்பைகளின் கணக்கு அதில் இல்லை. ஆட்களோடு ஒன்றைக் கூட்டி வாங்குவதே நடைமுறை. நடந்து சுமப்பதென்றால் இருவருக்கான கூடாரம் இரண்டரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். மலிவுக் கூடாரங்களின் ஃபைபர்கிளாஸ் கம்பி நாலைந்து பயணத்தில் நீளவாக்கில் பிளந்து கையில் சிராய் ஏற்றும். அலுமினியக் கம்பி வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். விலை வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

பனி வேறு உலகம். அங்கே கூடாரத்தின் எதிரி காற்றும், கூரையில் சேரும் பனியின் பாரமும். கம்பிகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் ஜியோடெசிக் வடிவம் இதற்காகவே வந்தது. கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோளக் கூரைகளைப் பார்த்து அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம் இந்த வகையில் முதல் கூடாரத்தை 1975-ல் வெளியிட்டது. ராமநகரம் பாறைகளில் எடுத்த 'ஷோலே' வெளியானதும் அதே வருஷம்தான். 'நான்கு பருவம்' என்று விற்கப்படும் இவை கனமானவை, வலை குறைந்தவை, விலை அதிகமானவை. மல்லேஸ்வரத்து மனிதர் வருஷத்தில் ஐந்து நாளுக்காக இதைச் சொந்தமாக வாங்கி, மிச்ச நாள் பரணில் போடுவதில் அர்த்தமில்லை. வாடகைக்கு எடுக்கலாம். பயண ஏற்பாட்டாளரே கொடுத்தால், எப்படிப்பட்டது என்று கிளம்பும் முன் கேட்கலாம். கூடாரம் உடம்பைச் சூடாக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். சூடு தருவது ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் போடும் மெத்தையும். குளிருக்குப் பயந்து மூடிய கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும்.

எவ்வளவு நல்ல கூடாரமும் காப்பாற்றாத ஒரு நிலை உண்டு. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாண்டின் சஹஸ்திர தால் ஏரிக்குப் போன 22 பேர் கொண்ட குழு, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. பெங்களூரைச் சேர்ந்த கர்நாடக மலையேற்றச் சங்கத்தின் மூலம் போனவர்கள். வழிகாட்டிகள் தவிர ஏறக்குறைய எல்லோருமே கர்நாடகக்காரர்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். கூடாரங்கள் முகாமில் இருந்தன. புயல் வந்தபோது மனிதர்கள் முகாமில் இல்லை. இது இருந்திருந்தால், அது இருந்திருந்தால் என்று பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது, நியாயமும் இல்லை. ஆனால் முகாமில் கூடாரத்தை விட்டுவிட்டுச் சிகரத்துக்கோ ஏரிக்கோ போய்வரும் நாள்தான் மலைப் பயணத்தில் ஆபத்தான நாள் என்பது இதில் தெளிவு. ஆள் முழுசாக நுழைந்துகொள்ளும் அவசரப் பை சில நூறு கிராம்தான். அந்த நாளில் அது முதுகில் இருக்க வேண்டும். கடையில் கூடாரத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் இதற்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுப்பதில்லை.

எங்கே விரிப்பது என்பதும் இப்போது சுலபமான கேள்வி இல்லை. 2018-ல் உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறையின்போது குமார பர்வதத்தில் கூட்டம் நெரிந்தபின், கர்நாடக வனத்துறை மலையேற்றங்களை நிறுத்திவைத்து ஆன்லைன் முன்பதிவுக்கு மாறியது. நினைத்த இடத்தில் கூடாரம் போட்ட காலம் முடிந்துவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், காட்டோரத் தனியார் முகாம் ஒன்றில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். யானைக்கு ஜியோடெசிக்கும் ஒன்றுதான், சாக்குப்பையும் ஒன்றுதான். அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகு கடைக்குப் போவதே முறை.

வாங்கியதை முதலில் விரிக்க வேண்டிய இடம் மலை அல்ல, மொட்டை மாடி. மாடித் தரையிலும் முளை இறங்காது என்பதால் ராமநகரத்துக்கு அது நல்ல ஒத்திகை. விரித்து, தையல்களின் மேல் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, அரை மணி கழித்து உள்ளே கைவிட்டுப் பார்க்கலாம். திரும்பி வந்ததும் ஞாயிறு இரவே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், பையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மழைத்துணியின் உள்பூச்சு சில மாதங்களில் பிசுபிசுத்து உரிந்துபோகும், அதற்குச் சிகிச்சை கிடையாது. ஜூலை மாதத்து மல்லேஸ்வரத்தில் வேட்டியே காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். கூடாரத்துக்கு மூன்று நாள், அதுவும் ஃபேனுக்கு அடியில், ஹாலின் குறுக்கே கொடி கட்டி. வீட்டில் இருப்பவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.