கம்பெனியை மாற்றினால் காசு மிச்சமா? மின்சாரக் கட்டணத்தில் பிரிட்டன் கற்ற பாடம்

லண்டன் நகரத்தில் ஒரு தெரு. அதில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டிலும் நான்கு நான்கு பேர் வசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு அடியில் செல்லும் ஒரே கம்பியிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் மின்சாரம் வருகிறது. ஒரே குழாயிலிருந்துதான் சமையலுக்கும், குளிர் காலத்தில் வீட்டைச் சூடேற்றுவதற்கும் காஸ் வருகிறது. செலவாகும் யூனிட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்காரரைவிட 300 பவுன் அதிகமாகக் கட்டியிருக்கிறார்!

ஒரு பவுன் என்பது நம் பணத்தில் 100 ரூபாய்க்கு மேல். ஆகவே வித்தியாசம் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

மீட்டரில் கோளாறா? இல்லை. யாராவது திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்துவிட்டார்களா? அதுவும் இல்லை. ஒருவர் கம்பெனியை மாற்றினார். மற்றவர் மாற்றவில்லை. அவ்வளவுதான்.

பத்து ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் நடந்தது. இப்போது நம் நாட்டிலும், "ஒரே ஊரில் பல மின்சாரக் கம்பெனிகள் இருக்கலாம், மக்கள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம்" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஆகையால் இந்தப் பரீட்சையை முதலில் செய்து பார்த்தவர்களின் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

சர்க்காரிடமிருந்து கம்பெனிக்கு

இரண்டாவது உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பதவிக்கு வந்த தொழிற்கட்சி சர்க்கார், 1948-ம் ஆண்டில் மின்சாரத்தையும், 1949-ம் ஆண்டில் காஸையும் நாட்டுடைமை ஆக்கியது. வட்டாரத்துக்கு ஒரு போர்டு. அது வைத்ததே விலை. நம் மின்சார வாரியத்தைப் போலத்தான் அங்கும் இருந்தது.

மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது காற்று திசை மாறியது. 1986-ல் காஸ் கம்பெனியின் பங்குகளும், 1990-ல் மின்சார விநியோகக் கம்பெனிகளின் பங்குகளும் தனியாருக்கு விற்கப்பட்டன. வீடுகள் தங்களுக்கு வேண்டிய காஸ் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1996-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களில் தொடங்கி, 1998-ல் நாடெங்கும் பரவியது. மின்சாரத்துக்கு அந்த உரிமை 1999-ல் முழுமையாகக் கிடைத்தது. 2002-ல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். போட்டி இருக்கும்போது கட்டுப்பாடு எதற்கு என்பது அன்றைய நம்பிக்கை.

வாய்க்கால் ஒன்று, வசூலிப்பவர் வேறு

கம்பெனியை மாற்றினால் வீட்டுக்குப் புதுக் கம்பி போடுவார்களா என்று கேட்கலாம். இல்லை. கம்பியும் குழாயும் தனித்தனி விநியோக நிறுவனங்களின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றை மாற்ற முடியாது. இரவில் மின்சாரம் நின்றால் வந்து பழுது பார்ப்பவரும் கம்பிக்குப் பொறுப்பான நிறுவனத்தின் ஆள்தான். ஒரே ஏரியிலிருந்து ஒரே வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. தீர்வை வசூலிப்பவர் மட்டும் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் மாற்றுவது விற்பனைக் கம்பெனியை. அது மொத்தச் சந்தையில் மின்சாரத்தையும் காஸையும் வாங்கி, வீடுகளுக்குச் சில்லறையாக விற்கிறது. மண்டிக்காரரைப் போன்றதுதான். விலை குறைவாக இருக்கும்போது முன்கூட்டியே வாங்கி வைத்தவர் மலிவாக விற்க முடியும். நிர்வாகச் செலவைக் குறைத்தவரும் மலிவாக விற்க முடியும். ஆனால் கம்பிக்கான வாடகையும் சர்க்கார் விதிக்கும் செலவுகளும் எல்லாருக்கும் பொது. அப்படியிருக்க, ஒருவருக்கு மட்டும் 300 பவுன் எப்படிக் குறைகிறது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

இருந்தவருக்குத் தண்டனை

புதிதாக வருபவருக்குக் கம்பெனி ஓர் ஆண்டுக்கு மலிவான விலையை நிச்சயித்துக் கொடுக்கும். அந்த ஓராண்டு முடிந்ததும், அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால், தானாகவே சாதாரண விலைக்கு மாற்றப்படுவார். சாதாரண விலை என்பதே அதிக விலை. மீண்டும் மலிவு வேண்டுமென்றால் மீண்டும் கம்பெனியை மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் இதே வேலை!

பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் இரண்டு ஆண்டுகள் விசாரணை நடத்தி 2016-ல் அறிக்கை வெளியிட்டது. ஆறு பெரிய கம்பெனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவிகிதம் பேர் அந்தச் சாதாரண விலையில்தான் இருந்தார்கள். அவர்கள் மாறியிருந்தால் ஆண்டுக்கு 300 பவுனுக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கலாம். போட்டி சரியாக வேலை செய்திருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைவிட, மக்கள் 2012 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுன் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று ஆணையம் கணக்கிட்டது.

மாறாதவர்கள் யார்? வயது முதிர்ந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், அதிகம் படிக்காதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள். அதாவது, 300 பவுன் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே அது கிட்டவில்லை. படித்து, கம்ப்யூட்டரில் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரின் மலிவு விலைக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டியின் அதிக விலை ஈடுகொடுத்துக் கொண்டிருந்தது!

இன்னொரு பிரிவினரும் உண்டு. முன்பணம் கட்டும் மீட்டர் உள்ளவர்கள். தெருமுனைக் கடையில் பணம் கட்டினால்தான் வீட்டில் விளக்கு எரியும். பெரும்பாலும் ஏழைகளுக்கும் கடன்பட்டவர்களுக்கும் இந்த மீட்டர்தான். நெடுங்காலம் இவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை கொடுத்து வந்தார்கள். மாறுவதற்கு இவர்களுக்கு இருந்த வழிகளும் குறைவு. கடன்பட்டவர்கள் வீட்டுக்குள் கோர்ட்டு உத்தரவுடன் நுழைந்து இந்த மீட்டரைக் கட்டாயமாகப் பொருத்தும் வழக்கமும் இருந்தது. பெருங்கூச்சல் எழுந்த பின், 2023 பிப்ரவரியில் அதை நிறுத்தச் சொன்னார்கள்.

மீண்டும் கட்டுப்பாடு

ஆக, 2002-ல் போன விலைக் கட்டுப்பாடு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 2018-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சாதாரண விலையில் இருப்பவரிடம் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வந்தது. அதைக் கணக்கிட்டு விதிப்பது 'ஆஃப்ஜெம்' என்ற கண்காணிப்பு அமைப்பு.

முதல் உச்சவரம்புப்படி, மின்சாரமும் காஸும் சேர்த்துச் சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,137 பவுன். இந்த வரம்பு யூனிட் விலைக்கும் நாள் கட்டணத்துக்கும்தானே தவிர, மொத்தப் பில்லுக்கு அல்ல. அதிகம் செலவழித்தால் பில்லும் அதிகமாகத்தான் வரும்.

2021-ல் வந்த புயல்

இந்தச் சமயத்தில் சிறு கம்பெனிகள் ஏராளமாக முளைத்திருந்தன. சொந்த மூலதனம் அதிகமில்லாமலே கடை திறந்தவர்கள் பலர். இவர்கள் வாடிக்கையாளருக்கு ஓர் ஆண்டு விலையை உறுதி கூறினார்கள். ஆனால் கொடுக்க வேண்டிய காஸை முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை. விலை குறைந்துகொண்டே இருந்தவரை இது நல்ல வியாபாரம்.

2021-ன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் காஸ் விலை ஏறத் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததும் விலை வானத்தைத் தொட்டது. பத்து ரூபாய்க்கு விற்பதாகச் சொன்ன சரக்கை முப்பது ரூபாய்க்கு வாங்கி விற்றால் கடை எத்தனை நாள் நடக்கும்? இருபத்தைந்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் சில மாதங்களில் மூடப்பட்டன. 'பல்ப்' என்ற கம்பெனிக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். பெயருக்கேற்பப் பிரகாசமாக எரிந்த அது 2021 நவம்பரில் பட்டென்று அணைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் வேறு கம்பெனி அதை ஏற்கும்வரை சர்க்கார் பணத்தில்தான் அது நடந்தது.

வாடிக்கையாளர்கள் இருட்டில் விடப்படவில்லை, பாராட்ட வேண்டியதுதான். அவர்களைக் கண்காணிப்பு அமைப்பு வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. ஆனால் செலவு யார் தலையில்? பல்ப் கம்பெனியின் கணக்கைச் சேர்க்காமலே 270 கோடி பவுன் செலவு, வீட்டுக்கு ஏறத்தாழ 94 பவுன் என்று தேசிய தணிக்கை அலுவலகம் 2022-ல் மதிப்பிட்டது. அது எல்லா வீட்டுப் பில்லிலும் ஏறியது. மலிவுக் கம்பெனிப் பக்கமே போகாத பாட்டியும் அதைக் கட்டினாள்!

உச்சவரம்பும் உயர்ந்துகொண்டே போய், 2022 அக்டோபருக்கு 3,549 பவுன் என்று வந்தபோது நாடே நடுங்கியது. சர்க்கார் தலையிட்டு, சராசரி வீட்டுக்கு 2,500 பவுனுடன் நிற்கும்படி செய்து, மீதியைக் கஜானாவிலிருந்து கொடுத்தது. அந்த நாட்களில் கம்பெனி மாற்றும் பேச்சே இல்லை. மாறிச் செல்ல மலிவான இடம் எங்கும் கிடையாது!

போட்டி வீணா?

அப்படிச் சொல்வதும் நியாயமாகாது. 2015-ல் தோன்றிய 'ஆக்டோபஸ்' என்ற கம்பெனி, பத்தே ஆண்டுகளில் பழம்பெரும் 'பிரிட்டிஷ் காஸ்' கம்பெனியையே வீட்டு வாடிக்கையாளர் எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டது. வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் இருந்தால்தான் கம்பெனி மரியாதையாகப் பதில் சொல்லும். புயல் ஓய்ந்த பின் உறுதி விலைத் திட்டங்களும் திரும்பி வந்திருக்கின்றன. 2025 அக்டோபரில் உச்சவரம்பு 1,755 பவுன். அதற்குக் கீழே விற்கவும் சிலர் முன்வந்தார்கள்.

அங்கே வசிக்கும் நம்மவர்களுக்குச் சில யோசனைகள் கூறலாம். கம்பெனிகளை ஒப்பிடும்போது பில் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை வைத்துப் பாருங்கள். யூனிட் விலையுடன் நாள் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைவாகச் செலவழிப்பவருக்கு நாள் கட்டணமே பெரும் சுமை. உறுதி விலைத் திட்டத்தை நடுவில் கைவிட்டால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். கெடு முடிய 49 நாட்கள் இருக்கும்போது அபராதமின்றி வெளியேறலாம். ஒப்புக்கொண்ட பின் மனம் மாறினால் 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். மாறும் நாளில் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி. பில் உங்கள் பெயரில் வருமானால், வாடகை வீட்டில் இருந்தாலும் மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு.

நமக்கு என்ன பாடம்?

சிலிண்டர் காஸில் இங்கும் 2014 முதல் விநியோகஸ்தரை மாற்றிக்கொள்ள வழி உண்டு. விலை ஒன்றே ஆகையால் அதில் பண லாபம் இல்லை. நல்ல சேவைதான் லாபம். மின்சாரத்தில், பம்பாயின் புறநகர்களில் 2009 முதல் இரண்டு கம்பெனிகளுக்கிடையே மாறலாம். அங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். அதிகம் செலவழிக்கும் பெரிய வாடிக்கையாளர்கள் முதலில் மாறினார்கள். அவர்கள் கொடுத்த அதிகக் கட்டணத்தில்தான் ஏழை வீடுகளுக்கு மலிவு விலை கிடைத்து வந்தது. அவர்கள் போனதும் பழைய கம்பெனியின் கணக்கு உதைத்தது. மாறிச் செல்பவர்மீது ஒழுங்குமுறை ஆணையம் கூடுதல் கட்டணம் விதிக்க வேண்டி வந்தது.

ஒரே ஊரில் பல கம்பெனிகள் ஒரே கம்பியில் மின்சாரம் விற்க வழி செய்யும் மசோதா 2022 ஆகஸ்டில் லோக் சபையில் வந்தது. நிலைக்குழுவுக்குப் போன அது, 2024-ல் சபை கலைந்ததும் காலாவதியாயிற்று. 2025 அக்டோபரில் மத்திய மின்சார இலாகா புதிய நகல் மசோதாவை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டது. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குடிசைக்கு ஒரு விலை, மாளிகைக்கு ஒரு விலை என்பது நம் ஏற்பாடு. அதைத் தாங்கும் தூண்களே மாறிப் போனால் பாரத்தை யார் சுமப்பது? மசோதாவை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

தேர்ந்தெடுக்கும் உரிமை நல்லதே. ஆனால் பிரிட்டன் கால் நூற்றாண்டில் கண்டது இதுதான்: விழிப்பாக இருப்பவருக்குப் போட்டி உதவுகிறது, விழிப்பாக இருக்க முடியாதவரைச் சட்டம்தான் காப்பாற்றுகிறது. கம்பெனி மாறினாலும், பாட்டி வீட்டு விளக்கு கட்டுப்படியாகும் விலையில் எரிய வேண்டும். எந்தத் திட்டம் வந்தாலும், அதை உரைத்துப் பார்க்க வேண்டிய கல் அதுவே.