வாங்கும் போதே கேளுங்கள்!

அரசு அலுவலகங்களில் கோப்புக் கட்டுகளின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டு வருகின்றது. நிலவுரிமை, பிறப்புச் சான்று, பள்ளி மதிப்பெண் ஆகியவை இன்று மின்வடிவிலேயே பிறந்து, மின்வடிவிலேயே வாழ்கின்றன. இதனை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கின்றோம். ஆனால், கருவியை வாங்குகின்றவர்கள், அதனுள் சேரப்போகும் ஆவணங்களின் வாழ்நாளை எண்ணிப் பார்க்கின்றார்களா என்பதே நம் வினா. விலையையும் விரைவையும் வரிவரியாக எழுதும் ஒப்பந்தப்புள்ளியில் ஆவணக் காப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லையெனின், அக்கருவி பழுதாகும் நாளே ஆவணங்களும் மாயும் நாளாகும்.

இவ்வறிவு தமிழனுக்குப் புதிதன்று. திருமழபாடிக் கோயிலை இடித்துப் புதிதாக எடுக்குமாறு முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிக்குமுன் அங்கிருந்த கல்வெட்டுகளையெல்லாம் பொத்தகத்தில் படியெடுக்கவும் செய்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றன. பழையதை நீக்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே ஆவணத்தைக் காக்கும் ஏற்பாடும் அடங்கியிருந்தது. அதனாலன்றோ பழைய கொடைகள் மறையாமல் நின்றன!

இன்றைய நிலை என்ன? ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம் பெற்றது. எனினும், அதன் பின்னும் நெடுங்காலம் நம் அலுவலகங்களும் அச்சகங்களும், நிறுவனத்துக்கொன்றாய் வகுக்கப்பட்ட தனித்தனிக் குறியீடுகளிலேயே தமிழை எழுதின. உரோம எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் திணித்து வைத்த ஏற்பாடு அது. குறிப்பிட்ட எழுத்துரு உள்ள கணிப்பொறியில் தூய தமிழாய்த் தெரிவது, அஃது இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாய்த் தோன்றும். தேடினால் அகப்படாது, அகரவரிசையில் அடுக்கவும் வராது. தமிழ்நாட்டரசு 1999-இல் தாம், தாப் என்னும் குறியீடுகளைத் தரப்படுத்திற்று. 2010-இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. ஆனால், ஒவ்வொரு கொள்முதலிலும் அத்தரத்தைக் கேட்டு வாங்காவிடின், அரசாணை தாளிலேயே உறங்கும்!

தில்லியின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், கணிப்பொறி ஈனுவதையும் பொது ஆவணமென்றே கொள்கின்றது. ஆனால், அது நடுவணரசையும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளையும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளையுமே கட்டுப்படுத்தும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, மாநில அலுவலகங்களும் தம் ஆவணங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டுப் பேண வேண்டும் என்கின்றது. தமிழை வரிசைப்படுத்தவே தெரியாத மென்பொருளை வாங்கி வைத்துக்கொண்டு இதனை எங்ஙனம் நிறைவேற்றுவது?

எனவே, அரசுத்துறையாயினும், ஊராட்சியாயினும், தமிழ் மன்றமாயினும், ஒப்பந்தப்புள்ளியிலேயே இவ்வைந்தையும் எழுதுக.

ஒன்று: தமிழ் உரை முழுவதும், அரசு ஏற்ற குறியீட்டிலேயே முதல் நாள் தொட்டுப் பதிவாக வேண்டும்.

இரண்டு: ஆவணத்தை யார் எழுதினார், எந்நாளில் எழுதினார், பின்னர் யார் திருத்தினார் என்பவை அழியாத குறிப்பாய் உடன் நிற்க வேண்டும்.

மூன்று: எவ்வகை ஆவணம் எத்துணை ஆண்டு இருக்க வேண்டும் என்பதை அலுவலகமே வரையறுக்க வேண்டும். பொறுப்பாளரின் ஒப்புதலின்றி எதுவும் அழிதல் கூடாது.

நான்கு: ஒப்பந்தம் முடியுங்கால், ஆவணங்கள் அனைத்தையும் அவற்றின் குறிப்புகளோடு, பிற மென்பொருள்களும் படிக்கவல்ல பொதுவடிவில், தனிக்கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும்.

ஐந்து: கொள்முதற் குழுவில் ஆவணக் காப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். மேற்கூறியவற்றை அவர் ஆய்ந்து ஒப்பிய பின்னரே பணம் தர வேண்டும்.

இவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பார் உளர். பணம் கைமாறும்வரைதான் விற்பவர் நம் சொல்லைக் கேட்பார். கொடுக்குமுன் கேட்பது உரிமை. கொடுத்தபின் கேட்பது இரத்தல்!

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. அதனை எண்ணி இன்றும் நம் நெஞ்சு கொதிக்கின்றது. தீயுமின்றிப் பகையுமின்றி, நம் மடியாலேயே தமிழாவணங்கள் அழியுமானால், யார்மீது சினந்துகொள்வது? ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. தமிழில் எழுதினால் மட்டும் போதாது; எழுதிய தமிழ் நூறாண்டு கழித்தும் படிக்கப்பட வேண்டும். தமிழ் அலுவலர்களே! அடுத்த ஒப்பந்தப்புள்ளி உங்கள் மேசைக்கு வரும்போது, இவ்வைந்தும் அதில் உளவா என்று பாருங்கள். இல்லையெனின், எழுதிச் சேர்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்!