பழைய சிறு விமானம்: பழுது பார்ப்பதா, பாகத்தை மாற்றுவதா?

செஸ்னா 172 ரக விமானம் 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் கட்டப்பட்டுள்ளன. 1986-இல் அதன் உற்பத்தி நின்றது. மறுபடி தொடங்க 10 ஆண்டுகள் ஆயின. கட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்கு முந்தியவை. பைப்பர் செரோக்கி, பீச்கிராஃப்ட் பொனான்சா போன்றவற்றிலும் பழையவையே மிகுதி. அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் 50 வயதான விமானத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் இத்தகைய விமானங்களில் தேய்ந்த பாகம் ஏதேனும் அகப்படாமல் போகாது. அதைச் சரிசெய்து மறுபடி பூட்டுவதா, புதிது வாங்குவதா என்பதை உரிமையாளரும் மெக்கானிக்கும் அப்போது முடிவு செய்தாக வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் இதில் பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. பாகம் புதிதாக இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்புக்குப் பொருந்தி, பறக்கத் தகுந்த நிலையில் இருந்தால் போதும். ஆயுள் வரம்பு விதிக்கப்பட்ட சில பாகங்களை மட்டும் கெடு வந்ததும் கழற்றியே தீர வேண்டும். பாதுகாப்புக் குறை தெரியவரும்போது கூட்டாட்சி விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பிறப்பிக்கும் தகுதி உத்தரவுகளுக்கும் விலக்கு இல்லை. மற்றவை மெக்கானிக்கின் முடிவு. தகட்டு விரிசலுக்கு ஒட்டு போடுவது, துருவைச் சுரண்டி எடுப்பது, துணி உறையைத் தைப்பது என ஏற்கத்தக்க பழுதுபார்ப்பு முறைகளுக்கு அந்த நிர்வாகமே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது.

என்ஜின் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் கெடுவும் இப்படித்தான். லைக்கமிங் ஓ-320 என்ஜினுக்கு அது 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை இந்தக் கெடு சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் கெடு தாண்டினால் ஆபத்து, புதிது என்றால் பத்திரம் என்ற நம்பிக்கை வலுவாகவே இருக்கிறது.

அந்த நம்பிக்கை சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப் படையின் கடலோரப் பிரிவில் பணியாற்றிய உயிரியலாளர் சி.எச். வாடிங்டன் குழுவினர், நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கை ஆராய்ந்தனர். பறந்த ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் ஒருமுறை பராமரிப்பு செய்யப்பட்டது. பராமரிப்பு முடிந்தவுடன் பழுது குறைந்து, பிறகு மெல்ல ஏற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: பராமரிப்பு முடிந்த கையோடு பழுதுகள் உச்சத்தில் இருந்தன, பறக்கப் பறக்கக் குறைந்தன. 1978-இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நௌலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை, ஆராயப்பட்ட பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது வரம்பு விதிப்பதால் பயனில்லை என்றது. பொருத்திய புதிதில் கெட்டுப்போகும் பாகங்களே அதில் மிகுதி. ஜெட் விமானங்களில் எடுத்த கணக்கு அது. நான்கு சிலிண்டர் பிஸ்டன் என்ஜினுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் நல்ல நிலையில் இருப்பதைப் பிரித்து மாட்டுவதே ஒரு ஆபத்து என்ற பாடம் சிறு விமானத்துக்கும் உரியது.

சிலிண்டரில் இது தெளிவாகத் தெரியும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று அளப்பது வழக்கமான சோதனை. 60-க்குக் கீழே இறங்கினால் சிலிண்டரைக் கழற்று என்பது நெடுங்காலப் பழக்கம். என்ஜின் தயாரிப்பாளரான கான்டினென்டல் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட சேவை அறிக்கை இதைத் திருத்தியது. அளவுத் துளை பொருத்திய கருவியைக் கொண்டு வரம்பை நிர்ணயிக்கச் சொன்னது. அந்த வரம்பு பெரும்பாலும் 40-களில் வந்து நிற்கும். அளவு குறைவாக வந்தால் உடனே கழற்ற வேண்டியதில்லை. பறந்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கேமராவை நுழைத்து எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தையும் பார்க்க வேண்டும். வால்வின் நிறம் வட்டமாக, சீராக இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் வால்வு எரியத் தொடங்கிவிட்டது. ஆரம்ப நிலையில் கண்டுகொண்டால், சிலிண்டரைக் கழற்றாமலே வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் படியவைக்கும் முறையும் உண்டு.

கழற்றுவதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டுகளில் சில, என்ஜின் கூட்டின் இரு பாதிகளையும் கிராங்க்ஷாஃப்ட்டின் பேரிங்குகளையும் சேர்த்தே இறுக்குகின்றன. அவற்றைத் தளர்த்தியிருக்கும்போது கிராங்க்ஷாஃப்ட்டைச் சுழற்றினால் பேரிங் நகரலாம். திரும்ப மாட்டும்போது முறுக்கு விசை குறைந்தாலும் கேடுதான். இப்படிப் பழுதான என்ஜின் பெரும்பாலும் உடனே நிற்பதில்லை, சில மணி நேரம் பறந்த பிறகே நிற்கும். ஒரு சிலிண்டர் சோதனையில் தோற்றதற்காக மீதி மூன்றையும் சேர்த்து மாற்றுவது எச்சரிக்கை உணர்வாகத் தோன்றலாம். உண்மையில் அது ஆபத்தை நான்கு மடங்காக்கும் காரியம்.

லைக்கமிங் என்ஜின்களின் கேம்ஷாஃப்ட் வேறு வகை. அது கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருப்பதால், விமானம் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து துரு பிடிக்கிறது. துருவேறிய கேம் தேய்ந்து உதிர்க்கும் உலோகத் துகள், எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் தெரியும். அந்நிலையில் தப்பிக்க வழியில்லை. என்ஜினைப் பிரித்தாக வேண்டும். அடிக்கடி பறக்கும் பழைய என்ஜின், சும்மா நின்ற புதிய என்ஜினைவிட நம்பகமாக இருப்பது இதனால்தான்.

இதுவரை சொன்னவை முன்கூட்டியே குறி காட்டும் பாகங்கள். காட்டாதவற்றில் சிக்கனம் பார்ப்பது முட்டாள்தனம். செயற்கைத் தொடுவானம் போன்ற சுழல் கருவிகளை இயக்கும் உலர் வெற்றிடப் பம்புக்குள் இருப்பவை கார்பன் தகடுகள்; அவை ஒரு நொடியில் நொறுங்கும். அப்போது மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு எது மேல், எது கீழ் என்று காட்டும் முதன்மைக் கருவி இல்லை. ஆகவே அது கெடும்வரை காத்திருக்கக் கூடாது. இறுகிப்போன ரப்பர் எரிபொருள் குழாயும், இழை அறுந்த கட்டுப்பாட்டுக் கம்பிவடமும் குறி தெரிந்தாலும் சிக்கனம் பார்க்கக் கூடாதவையே.

இறக்கையும் உடற்கூடும் இன்னொரு கணக்கு. பைப்பரின் பழைய துணி உறை விமானங்களில் இறக்கையைக் கீழிருந்து தாங்கும் ஸ்ட்ரட் குழாய்கள் உட்புறமாகத் துருப்பிடிப்பது தெரியவந்தபோது, எஃப்.ஏ.ஏ. இரண்டு வழி கொடுத்தது: 24 மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே இருக்கலாம், அல்லது நீர் புகாத, மூடிய வகை ஸ்ட்ரட்டைப் போட்டுவிட்டால் அந்தச் சோதனையே தேவையில்லை. இங்கே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். புதிய ஸ்ட்ரட் பழையதின் நகல் அன்று. பழையதின் குறையையே போக்கியது.

2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் ஒரு பைப்பர் பி.ஏ.-28 பயிற்சி விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போதே பிய்ந்து விழுந்து இருவர் இறந்தனர். இறக்கையின் உள் உத்தரமான ஸ்பாரின் அடிப்பகுதியில் உலோகச் சோர்வால் விரிசல் வளர்ந்திருந்தது. அது பழைய விமானமே அன்று, 2007-இல் கட்டப்பட்டது. ஆனால் 7,690 மணி பறந்திருந்தது, பெரும்பாலும் தாழ்வாக, அடிக்கடி தரையிறங்கியபடி. பின்னர் வந்த உத்தரவு ஆண்டுகளை எண்ணவில்லை. பயிற்சிக்கும் வாடகைக்கும் பறக்கும் விமானங்களுக்குக் கட்டாயமான 100 மணிப் பரிசோதனைகளை எண்ணி, அந்த மணிகளை முழுதாகவும் மற்ற மணிகளை 17-இல் ஒரு பங்காகவும் கூட்டியது. 5,000 வந்தால் ஸ்பாரின் போல்ட் துளைகளைச் சுழல் மின்னோட்டச் சோதனைக்கு உட்படுத்தச் சொன்னது. விரிசல் இருந்தால் ஸ்பாரை மாற்றியே ஆக வேண்டும். சோதனைக்காகப் போல்ட்டை உருவும்போதே துளை கீறப்படலாம் என்ற ஆட்சேபம் உத்தரவு வரைவாக இருந்தபோதே எழுந்தது. வாடிங்டன் கண்டது இங்கேயும் துரத்துகிறது.

மாற்றலாம் என்று முடிவெடுத்தாலும் பாகம் கிடைக்க வேண்டும். 1994-இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டம், 18 ஆண்டுகளைக் கடந்த சிறு விமானங்களுக்காகத் தயாரிப்பாளர் மீது இழப்பீட்டு வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுத்தது. செஸ்னா உற்பத்தியை மீண்டும் தொடங்க வழி செய்ததும் அதுதான். ஆனால் புதிதாக மாற்றப்படும் பாகத்துக்கு அந்த 18 ஆண்டு முதலிலிருந்து தொடங்கும். பழைய விமானத்துக்குப் பாகம் செய்து விற்பது தயாரிப்பாளருக்கு ஏன் உற்சாகமான தொழிலாக இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு நிறுவனங்கள் தனி அனுமதி பெற்றுப் பாகங்கள் செய்கின்றன. உரிமையாளரே வடிவமைப்பிலோ தரக் கட்டுப்பாட்டிலோ பங்கேற்று, தன் விமானத்துக்கு மட்டும் பாகம் செய்துகொள்ளவும் விதி இடம் தருகிறது.

இவை எதுவும் எளிதில் உதவாத இடம், 1947 முதல் 1982 வரை வந்த 'வி' வடிவ வால் பொனான்சா. சுக்கானும் ஏற்றியும் ஒன்றான அதன் வால் மடிப்புகளின் தகடு மக்னீசியம், எளிதில் அரிக்கும். ஒட்டு போட்டால் கீலுக்குப் பின்னே எடை கூடும். எடை கூடினால் அதிவேகத்தில் வால் படபடத்துப் பிய்ந்துவிடலாம். மீண்டும் வண்ணம் பூசுவதற்குக்கூடப் பழைய பூச்சை நீக்கிவிட்டு எடையைச் சரிபார்க்க வேண்டும். புதிய தகடு அரிதாகிவிட்டது. உடைக்கப்பட்ட விமானங்களிலிருந்து கழற்றி விற்பவையும் அதே வயதுடையவை, அதே அரிப்புக்கு உள்ளானவை. அலுமினியத் தகட்டை உருவாக்க நினைப்பவர், கூடும் எடையை ஈடுகட்டி, படபடப்புச் சோதனைகளை முதலிலிருந்து செய்து, தனி அனுமதியும் பெற வேண்டும்.