குதிரை தானாக வருகிறதா?

முரட்டுக் குதிரையைப் பழக்குவது எப்படி?

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் முன்பு ஒரே வழிதான் இருந்தது. குதிரையின் காலைக் கட்டுவார்கள். சேணத்தை மாட்டுவார்கள். ஒருவன் ஏறிக்கொள்வான். அது துள்ளித் துள்ளிக் களைத்துப் போகும். இதற்கு "உடைத்தல்" என்றே பெயர் வைத்திருந்தார்கள்!

"அடிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்" என்று கிளம்பியவர்களில் மான்டி ராபர்ட்ஸ் பெயர் பெற்றவர். 1935-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1989-ல் விண்ட்சர் கோட்டையில் எலிசபெத் ராணியின் முன்னிலையில் தன் வித்தையைக் காட்டினார்.

வட்ட வேலி

குதிரையை ஒரு வட்ட வேலிக்குள் விடுவார். அதன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே விரட்டுவார். குதிரை வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடும்.

சிறிது நேரத்தில் அதன் ஒரு காது அவர் பக்கம் திரும்பும். வாயை மெல்லும். தலையைத் தாழ்த்தும். உடனே அவர் பார்வையை விலக்கி, முதுகைக் காட்டி நிற்பார். குதிரை மெல்ல நடந்து வந்து அவர் தோளருகே நிற்கும்!

அரை மணி நேரத்தில் சேணமும் ஏறிவிடும், ஆளும் ஏறிவிடுவான்.

"குதிரை மந்தையில் வாழும் பிராணி. அதன் மொழியில் பேசினால், அது தானாகவே மனிதனைத் தேடி வரும்" என்பது அவர் விளக்கம்.

பொம்மைக் கார்

விஞ்ஞானிகள் இதை ஒப்பவில்லை.

2012-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனிதனுக்குப் பதில், தூரத்திலிருந்து இயக்கும் பொம்மைக் காரை விட்டுக் குதிரையை விரட்டினார்கள். குதிரை காரின் பக்கம் திரும்பினால் கார் நின்றுவிடும். குதிரைகள் அதையும் கற்றுக்கொண்டன.

பொம்மைக் கார் எந்தக் குதிரை மொழியைப் பேசியது? திரும்பினால் தொல்லை நிற்கிறது. அதனால் திரும்புகிறது. அவ்வளவுதான். வாயை மெல்லுவது சம்மதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயம் தணிவதாகவும் இருக்கலாம்.

விஞ்ஞானிகள் பக்கமே நியாயம் அதிகம். வெளியே போக வழியில்லாத வேலிக்குள் "தானாக வந்தது" என்று சொல்வது சற்று அதிகப்படி. ஆனாலும் சவுக்கு கீழே விழுந்ததே, அது சின்ன விஷயமா?

1858-ல் ரேரி என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் "குரூசர்" என்ற பொல்லாத குதிரையை 3 மணி நேரத்தில் அடக்கினார். அவரும் அன்பைத்தான் பேசினார். ஆனால் முன்னங்காலை வாரால் மடக்கிக் கட்டினார்! அதே ஆண்டில் விக்டோரியா மகாராணியும் அவர் வித்தையைப் பார்த்தார். (ராணிகளுக்குக் குதிரை வித்தை என்றால் ஆசை போலும்.)

புதியவர்கள்

ராபர்ட்சுக்குக் காது திரும்பும் நொடி தெரியும். அவரைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்கிறவர்களுக்கு அது தெரியுமா? குதிரையின் காது எப்போதோ திரும்பியிருக்கும். வியர்த்து வழிய அது ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நிற்கிறவர் கயிற்றை வீசி விரட்டிக்கொண்டே இருப்பார்.