பீரோவில் தூங்கும் அறிவு

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை.

கல்பாக்கம் கரையில் ஆழிப் பேரலை பாய்ந்தது. அணுமின் நிலையத்தின் பம்பு நிலையத்துக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த 2-வது அணு உலையைப் பொறியாளர்கள் நிறுத்தினார்கள். உலை பத்திரமாகக் குளிர்ந்தது.

ஆனால் ஊழியர் குடியிருப்பிலும், மீனவர் குப்பங்களிலும் பல உயிர்கள் பலியாயின.

கற்ற பாடத்தை விஞ்ஞானிகள் மறைத்து வைக்கவில்லை. 2005-ம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில், கல்பாக்கத்திலேயே சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டம் நடந்தது. கடல் பொங்கினால் அணுமின் நிலையத்தைக் காப்பது எப்படி என்று நிபுணர்கள் கலந்து பேசினார்கள்.

நல்ல காரியம். ஆனால், பேசினால் மட்டும் போதுமா?

ஜப்பானைப் பாருங்கள். புகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய கம்பெனி 2008-ல் ஒரு கணக்குப் போட்டது. 15.7 மீட்டர் உயரத்துக்கு அலை வரலாம் என்று விடை வந்தது. ஆனால் தடுப்புச் சுவரை உயர்த்தவில்லை. கண்காணிப்பு அதிகாரிகளிடம் அந்தக் கணக்கைக் கொடுத்ததே 2011 மார்ச் 7-ந் தேதிதான். நான்கே நாளில் அலை வந்துவிட்டது! அவசர ஜெனரேட்டர்கள் மூழ்கின. மூன்று உலைகள் உருகின.

கணக்கு இருந்தது. அதன்படி நடக்கத்தான் ஆள் இல்லை. பீரோவில் தூங்கும் அறிவு, பானைக்குள் பூட்டிய விதைநெல். முளைக்காது.

கல்பாக்கத்துக்கு மேற்கே, கடலை விட்டுத் தள்ளி இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பு. அங்கே படித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. உலகத்து விஞ்ஞானிகள் எழுதுவதை ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

கடலோரத்து மீனவர் என்ன செய்வார்? அலை முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தானே!

"விவரம் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள்" என்பார்கள் சிலர். தவறு. தெரியாததுதான் பயம். தெரிந்தவன் தப்பிக்க வழி தேடுவான். "கடல் திடீரென்று உள்வாங்கினால், வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு!" இந்த ஒரு வரி அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், எத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்!

ஆகவே, விஞ்ஞானிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குள் நூறு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். பள்ளிக்கூடத்திலும், மீன் ஏலம் விடும் இடத்திலும் அதை ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

அறிவைக் கொடுத்தால் குறையாது. கொடுக்காவிட்டால், குறைவது உயிர்!